கடைக்கு வராத சிப்பு

— மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு! பாத்தியா இசை? டெஸ்ட்டை ஓட விட்டு ரெண்டு நிமிசங்கூட ஆவல.

— ஆயுத பூஜையும் அதுவுமா ஏன் மாமா இப்பிடிக் கெடந்து தவிக்கிற? பொரி நமுத்துப் போவுது, வந்து சாப்புடு.

— பொரியாம் பொரி! எம் பொழப்பே இங்க நமுத்துப் போவுது. இன்னும் கடைக்கே வராத சிப்புடி இது. ஆறு கோர். சிதம்பரத்துல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன நம்பி, 'செம்பியன், ஓட்டிப் பாத்து எழுதுங்க'ன்னு பத்திரிகைலேருந்து ராபர்ட் சார் அனுப்பியிருக்காரு. சாயங்காலம் எழுதி அனுப்பியாவணும்.

— நல்லா எழுதிட்டா?

— சென்னைல வேலை. எத்தினி வாட்டிடி சொல்றது? மொதல்ல நான் மட்டும் போறேன். அப்பறம் வூடு பாத்து உன்னைக் கூட்டிக்கிறேன்.

— எங்கக்கா வூட்டுக்காரரும் குறிஞ்சிப்பாடிலேருந்து இப்பிடித்தான் சொல்லிட்டுப் போனாரு. தீபாவளிக்குத் தீபாவளி வந்தாரு. அப்பறம் அதுவும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு மாமா.

— ஆரம்பிச்சிட்டியா? நானும் அந்தாளும் ஒண்ணா? தோ, மறுபடி ஓட வுட்டேன், ஏறுது பாரு சூடு! எழுவது... எம்பது... தொண்ணூறு... போச்சு. ஆஃப்.

— 'புது சிப்பு ஜாஸ்தி சூடாவுது, வாங்காதீங்க'ன்னு எழுதிடேன்.

— எழுதிட்டு? வேற எவனாவது ஓட்டி, நல்லா ஓடிச்சின்னா, 'செம்பியனுக்கு ஒண்ணுந் தெரியல'ன்னு காறித் துப்புவாங்க. அந்த ஸ்க்ரூட்ரைவர எடு. சிப்பு மேல இருக்கற ஃபேனைக் கழட்டிப் பாத்துடறேன்.

— வேணாம் மாமா! பூஜை போட்ட பொருளு. இன்னிக்கு அதைக் கழட்டக் கூடாது.

— அதெல்லாம் சாமி கோச்சிக்காது. கரண்டு போறதுக்குள்ள எடு, சொல்றேன்ல... அடிப்பாவி! என்னாடி இது?

— எது?

— காலைல சிப்பு மேல நான் தடவுன பேஸ்ட்டு எங்க? சந்தனம் இருக்குது! நடுவுல குங்குமம் வேற!

— கத்தாத மாமா. பக்கத்துக் கடைக்குக் கேக்கும்.

— நான் வாழையெல வாங்கப் போனப்ப, 'நீ போ, ஃபேனை நான் மாட்டிடறேன்'னியே, அப்ப வெச்சியா? பேஸ்ட்டைத் தொடச்சிட்டு பொட்டு வெச்சா, சூடு எப்பிடிடி ஃபேனுக்கு ஏறும்?

— திட்டு. நல்லா திட்டு.

— எதுக்குத் திட்டணும்? கொறை சிப்பு மேல இல்லடி! பொழச்சேன்! இதைத் தொடச்சிட்டு ஓட்டுனா பிச்சிக்கும் பாரு. ஏய், ஏன் அழுவுற? எல்லாத்துக்கும் பொட்டு வெக்கற வேகத்துல தெரியாம இதுக்கும் வெச்சிட்ட. வுடு கழுத.

— மானிட்டரு, பிரிண்டரு, ஸ்டெப்லைசரு... அதுக்கெல்லாம் எங்க வெச்சிருக்கேன் பாரு.

— மூஞ்சிலதான். வர்றவங்க கண்ணுல படற மாதிரி. அதுக்கென்ன இப்ப?

— கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் கடைல ஃபேன் மாட்டறவ நான். எங்க வெச்சா ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா மாமா?