பதினெட்டாவது தடவை

— கண்ணைத் திறக்காதீங்க டிரைவர் சார். நெத்தியில இந்தச் சிகிச்சைக் காந்தம் தட்டிக்கிட்டு இருக்கும்போதே நடந்ததைச் சொன்னாத்தான் மூளை அந்தப் பயத்தைக் கழட்டி வைக்கும். சரியா? சொல்லுங்க.

— மரங்கொத்தி மாதிரியில்ல கொத்துது, டாக்டரம்மா. வேன் சுரங்கப்பாதையில இறங்குச்சு...

— இறங்குதுன்னு சொல்லுங்க. இப்ப நடக்கற மாதிரி.

— இறங்குது. மழைத்தண்ணி சக்கரம் முங்க நிக்குது. இஞ்சின் செருமிட்டு அடங்கிடுது.

— பக்கத்துல?

— என் வீட்டுக்காரி. "சுத்து வழியில போங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா? பெரிய கப்பல் கேப்டன்னு நெனப்பு!"

— தண்ணி?

— அவ மடிக்கு வந்துடுச்சு. கதவு தொறக்கல. என் பக்கத்துக் கண்ணாடிய ஒடைக்கிறேன். "மொதல்ல நீங்க வெளிய போய் என்னை இழுங்க. இதையாவது சொன்னபடி செய்ங்க"ங்கறா.

— செய்யறீங்க.

— செய்யறேன். வெளிய வந்து கைய உள்ள விட்டுத் துழாவறேன். அவ கைப்பை மட்டும் வருது.

— போதும். காந்தத்தை நிறுத்திட்டேன். மூச்சை விடுங்க. இப்ப பயம் நூத்துக்கு எவ்ளோ?

— தொண்ணூறு.

— முதல் நாளும் தொண்ணூறு, பதினெட்டாவது தடவையும் தொண்ணூறா?

— தொண்ணூறுக்கு மேலயே இருக்கும், பாத்துக்குங்க. இன்னும் பத்து தடவை எழுதிக் குடுங்க.

— முதல் நாள் இஞ்சின் நின்னுச்சுன்னு சொல்லும்போதே நாற்காலியோட கவுந்தீங்க. இன்னிக்கு அசையாம உக்காந்து கடைசி வரைக்கும் சொல்றீங்க. விரல்ல மாட்டின மிஷினைப் பாருங்க, நாடி எழுபத்திரண்டு.

— மிஷின் ரிப்பேரா இருக்கும்.

— உங்க மகளும் ரிப்பேரா? நேத்து போன் பண்ணாங்க. அப்பா அந்தச் சுரங்கப்பாதை வழியாத்தான் வேலைக்குப் போறாரு, நல்லாத் தூங்கறாருன்னு.

— அவளுக்கு வாய் சும்மாவே இருக்காது. அப்படியே அம்மா.

— சிரிச்சு மழுப்பாதீங்க. வெளியில ஒரு தீயணைப்புக்காரர் உக்காந்திருக்கார், இந்தச் சிகிச்சைக்கு ரெண்டு மாசமாக் காத்திருக்கார். தூங்கி எத்தனை நாளாச்சோ. உங்களுக்குப் பத்து எழுதினா அவருக்கு இடமில்ல. உண்மையச் சொல்லுங்க. எவ்ளோ?

— ...பதினஞ்சு. மூணு வாரமா.

— அப்புறம் ஏன் சார் பொய் சொன்னீங்க?

— நான் எந்திரிக்கிறேன், அவரை உள்ள கூப்பிடுங்க. வீட்டுல என் வீட்டுக்காரியப் பத்தி வாயெடுத்தா எல்லாரும் பேச்சை மாத்திடறாங்க, என் மனசு நோகுமாம். கனவுலயும் இப்ப வர்றதில்ல, அதான் குணமாக்கிட்டீங்களே. அவ என்னைத் திட்டறதுக்கு இந்த நாற்காலி ஒண்ணுதான் டாக்டரம்மா இருந்துச்சு.