நம்பிக்கை பீரோ

அவசரப்படாதீங்கண்ணே, பூட்டு எங்க ஓடிப்போயிடப் போவுது? இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் எல்லாத்துலயும் அவசரம். பூட்டுக்காரரக் கூப்பிடுங்க, கூப்பிடுங்கன்னு காலையிலேருந்து மேனேஜர் என் உயிர வாங்குறாரு. பீரோ சாவி தொலையறது உலகத்துல நடக்காத விஷயமா என்ன? நான் இங்க சூப்பரின்டென்ட்டா, சாவிக்குக் காவலா?

எல்லாம் அவரு ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து புடிச்ச சனி. "இனிமே நாம ஒருத்தர ஒருத்தர் நம்பணும்"னு வந்து நிக்கிறாரு. பத்தொம்பது வருஷமா நம்பாமலே நல்லாத்தானே ஓடிச்சு? மொதல்ல கண்ண மூடிக்கிட்டு பின்பக்கமா சாயணுமாம், பின்னாடி நிக்கறவங்க தாங்கிப் புடிக்கணுமாம். கேஷியர் சாஞ்சாரு. புடிக்க நின்ன டைப்பிஸ்டுக்கு அந்நேரம் பாத்து போன் வந்துடுச்சு. மனுஷன் இன்னும் கழுத்துப் பட்டையோடதான் வர்றாரு... ஐயோ, கம்பிய வெச்சு நோண்டாதீங்கண்ணே, கீறல் விழும்! டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி.

அப்புறம்தான் இந்தச் சாவி விவகாரம். யாரும் மேஜை டிராயரப் பூட்டக் கூடாது. அவங்கவங்க டிராயர் சாவியில பேர் சீட்டு ஒட்டி ஒரு பிஸ்கட் டின்னுல போடணும், டின்ன இந்த பீரோவுல வெச்சுப் பூட்டணும். நம்பறதுக்கு எதுக்குப் பூட்டுன்னு நான் கேக்கல... எனக்கெதுக்கு வம்பு? மேனேஜர் உட்பட பன்னெண்டு பேரும் போட்டோம். பீரோ சாவி யார்கிட்ட இருக்கணும்னு கேட்டப்போ, அண்ணே, எல்லாரும் ஒரே வாயா, "அக்காகிட்டயே இருக்கட்டும், அக்காவ நம்புறோம்"னாங்க. இத்தன வருஷத்துல என்னப் பாத்து யாரும் அப்படிச் சொன்னதில்ல. படிக்கட்டுக்குப் போய் ஒரு மூச்சு அழுதுட்டு வந்தேன்.

இப்போ பதினோரு மணிக்கு தலைமை அலுவலகத்துலேருந்து வர்றாங்க. அவங்க முன்னாடி ஒவ்வொரு சாவியையும் அந்தந்த டிராயர்ல போட்டுத் திருப்பிக் காட்டணுமாம்...

அண்ணே, கொஞ்சம் கிட்ட வாங்க. பீரோ சாவி தொலையல. இதோ, கைப்பையிலதான் இருக்கு. டின்னுல நான் போட்டது எங்க வீட்டு மாடிக்கதவு சாவி. பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? என் டிராயர்ல ஒரு நோட்டு இருக்கு. யாரு, என்னிக்கு, எத்தன நிமிஷம் லேட்டுன்னு பத்தொம்பது வருஷமா எழுதறேன். அது வெளிய வந்தா, நம்புறோம்னு சொன்ன அதே வாய் என்னென்ன சொல்லும்? அதனால, திறக்க முடியலன்னு நீங்க ஒரே ஒரு வார்த்த...

என்னண்ணே சத்தம்? திறந்துட்டீங்களா! அடக் கடவுளே... டின்ன இப்படிக் குடுங்க, என்னோடத மட்டும் எடுத்துக்கறேன்.

இது என்ன, டைப்பிஸ்ட்டோடது... சைக்கிள் சாவி! கேஷியரோடது... இத்துனூண்டு இருக்கே, சூட்கேஸ் சாவியா? பியூன்... பொம்மைக் காருக்கு முடுக்குற சாவி! மேனேஜர்... அண்ணே, இதப் பாருங்க, பயிற்சிக்குப் போனப்போ தங்குன லாட்ஜ் ரூம் சாவி, நம்பரோட!

பன்னெண்டுல ஒண்ணுகூட ஒழுங்கில்ல. அடப்பாவிங்களா! அப்போ என்னைய நம்புறோம்னு சொன்னது... நான் திறந்து பாக்க மாட்டேன்னுதானா?

நான் பாக்கவே இல்லியே அண்ணே. ஒரு நாள்கூட. அப்போ அது நெசமாத்தான் சொல்லியிருக்காங்க, இல்ல?

பூட்டுங்க. நல்லா இறுக்கிப் பூட்டுங்க. வெளிய போய், இது எந்த ஜென்மத்துலயும் திறக்காதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லுங்க. மனுஷன் உங்களக் கட்டிப்புடிச்சுக்குவாரு.