சங்கத்து சர்வரைச் சாகடிச்சது யாரு

...நீ பாட்டுக்கு வேலையப் பாரும்மா நிகத்து, நான் பாட்டுக்குச் சொல்றேன். ஆனா வரிசையாத்தான் சொல்லுவேன். வரிசை தப்புனா வரலாறே தப்பிப் போயிடும்.

மொத துரோகம் தொண்ணூத்தேழு. கேட் மீட்டிங்குக்கு வந்தவங்க பேரை ஒருத்தன் சிகரெட் அட்டைக்குப் பின்னால எழுதி மேனேஜர்கிட்ட குடுத்தான். பதினோரு பேருக்கு வேல போச்சி. அதுல நானும் ஒருத்தன். ரெண்டாவது, ரெண்டாயிரத்து நாலு. உறுப்பினர் பட்டியலை ஓசூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தோம். ஒண்ணு கேட்டோம், கடைக்காரன் ரெண்டு எடுத்தான். அந்த ரெண்டாவது எங்க போச்சின்னு மறுநா காலையில எல்லாருக்கும் தெரிஞ்சிது. மூணாவது, ரெண்டாயிரத்துப் பதினாறு. எங்க துணைத்தலைவரே சூப்பர்வைசர் ஆயி, ஜூஜுவாடியில வீடு கட்டி, எனக்கே பத்திரிகை வச்சான். போனேன். சாப்பாடு நல்லாருந்துச்சி, அது வேற விசயம்.

நாலாவது, இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி.

காலையில இத ரிப்பேர் பாக்க நீ வந்ததும் என்ன கேட்ட? இதக் கடைசியா எப்பத் தொறந்து தொடச்சீங்கன்னு கேட்ட. தொழிற்சங்க ஆபீஸும்மா இது, ஆஸ்பத்திரியில்ல. மூடுன கம்பெனி ஒண்ணுல ஏலத்துல எடுத்தது. மேசைக்கு அடியில வச்சோம். மேல கொடிக்கம்பத்தச் சாத்துனோம். உள்ள பல்லி முட்டை இருக்குதுன்னு சொன்ன. இருக்கட்டும். இத்தன வருசம் ஒரே எடத்துல குடியிருந்தா அதுக்கும் உரிமை வந்துடும்.

யூபிஎஸ் பேட்டரி எங்கன்னு கேட்ட. ஒலிபெருக்கியில இருக்குது. நான்தான் கழட்டிப் போட்டேன். அது பொதுக்காரியம், தீர்மானம் போட்டுத்தான் செஞ்சோம். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத.

பாய், டீ ஆறுது பாரு, குடி. இவுரு கௌஸ் மொய்தீன், சங்கத்துத் துணைச் செயலாளர். அந்தா நோட்டும் பேனாவுமா மூஞ்சத் திருப்பிட்டு ஒக்காந்திருக்குதே, அது செயலாளர் பொற்கொடி. ரெண்டு பேரும் இன்னிக்கு சாட்சி. எதுக்கு சாட்சியா? சொல்றேன்.

எங்ககிட்ட காண்ட்ராக்ட் ஆளுங்க அம்பத்தேழு பேரு. ரெண்டு வருசத்துல நானூத்தியெம்பது நாள் வேல செஞ்சா நிரந்தரம் பண்ணணும், சட்டம் இருக்குது. கம்பெனிக்காரன் என்ன பண்றான்? வருசா வருசம் காண்ட்ராக்டர் பேரை மாத்திட்டு, ஆளே புதுசுங்கறான். கேண்டீன் சரோஜம்மாவக் கேளு. பதினாலு வருசம். ஏழு காண்ட்ராக்டர் மாறியாச்சி, அவங்க கையில இருக்கற கரண்டி மாறல. வருகைப் பதிவேடு கம்பெனி கையில. காட்டுன்னா காட்ட மாட்டான். ஆகவே, நாங்களே ஒரு பதிவு வச்சோம். ஷிப்ட் முடிஞ்சி போறவங்க இந்த வாசல்ல நின்னு பேரு சொல்லணும், பொற்கொடி இதுல அடிக்கும். மூணு வருசம். மழையில நனைஞ்சிட்டு நின்னு சொன்னாங்கம்மா.

திங்கக்கெழம கிருஷ்ணகிரியில விசாரணை. இந்தப் பதிவு கைக்கு வரலன்னா அம்பத்தேழு பேரும் நேத்து வந்தவங்க.

போன செவ்வாக்கெழம கரண்ட் போச்சி. வந்துச்சி. போச்சி. மூணாவது தடவ கரண்ட் வந்துச்சி, பொட்டி வரல. சரி, கரண்ட் போறது சதியில்ல. நான் அந்த அளவுக்குச் சந்தேகப்படற ஆளில்ல. ஆனா நகலு? இத அமைச்சிக் குடுத்தவன் தெளிவாச் சொன்னான், தெனம் சாயங்காலம் அந்தச் சின்ன டிஸ்க்குக்கு ஒரு நகல் தானாப் போயிடும்னு. நீ பாத்துட்டு என்ன சொன்ன? நகல் மார்ச்சு மாசத்தோட நிக்குதுன்னு சொன்ன. ஏழு மாசம். எவனோ நிறுத்தியிருக்கான். நம்ம ஆளு. உள்ள இருக்கற ஆளு.

பொற்கொடி மேல எனக்குத் துளிகூட சந்தேகமில்ல. இதையேதான் நேத்து பூரா அதுகிட்ட சொல்லிட்டிருந்தேன். அதுலருந்து அது எங்கூடப் பேசறதில்ல.

நீயேதான சொன்ன, யாரு என்னிக்கு என்ன செஞ்சாங்கன்னு பொட்டியே எழுதி வச்சிருக்கும்னு. அதத்தான் கேக்கறேன். கம்பெனி வக்கீலு என்ன சொல்லுவான்? இது நேத்து ஒக்காந்து எழுதுன பட்டியல்னு சொல்லுவான். அதுக்கு உன்னோட அறிக்கை வேணும். எப்பக் கெட்டுது, எப்படி மீட்ட, நகல நிறுத்துனது யாரு, எல்லாம். பேரு இல்லாத அறிக்கைய ஒரு ஓட்டையா புடிச்சிக்குவாங்கன்னு எங்க வக்கீலம்மா சொல்லிட்டாங்க. இன்னிக்கு ரெண்டு சாட்சி முன்னால அந்தப் பேரைப் படிக்கணும். மினிட்ஸ்ல ஏறணும். நான் வுடறதா இல்ல.

ஓடுதா? என்னமோ வரி வரியா ஓடுது. மார்ச்சு வரைக்கும் அந்த டிஸ்க்குலருந்து, அதுக்கப்புறம் உள்ளது ஒடஞ்சதுலருந்து தோண்டற. சரி சரி, தோண்டு.

இந்தப் பொட்டிக்கும் ஒரு முதலாளிப் புத்தி இருக்குது, தெரியுமா. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் என் பேருல தொறந்து, அன்னிக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு பாப்பேன். ஒடனே மூலையில ஒரு சின்ன கட்டம் வரும். இங்கிலீஷ்ல, பொடிப்பொடியா, நாப்பது வரி. கீழ ரெண்டு பட்டன். சம்மதம், சம்மதமில்ல. வேலைக்குச் சேந்த நாள்லருந்து எனக்கு ஒரே கொள்கை. படிச்சிக் காட்டாத காயிதத்துக்குச் சம்மதம் கெடையாது. விடுப்புக் கடிதமா இருந்தாலும் கெடையாது. சம்மதமில்லன்னு அமுக்குவேன். மறுநா வரும். மறுபடி அமுக்குவேன். ஞாயித்துக்கெழமகூட வந்து அமுக்கியிருக்கேன். அதுக்கு என்ன பொறும தெரியுமா, எந்த நிர்வாகத்துக்கும் அவ்வளவு பொறும இல்ல. ஒரு நா பொற்கொடி கேட்டுச்சி, என்னண்ணே அதுன்னு. ஏகாதிபத்தியம்னேன்.

என்னம்மா நிறுத்திட்ட? என்ன அப்படிப் பாக்கற?

வந்துடுச்சா? அம்பத்தேழுமா? சரோஜம்மாவப் போடு... அறநூத்திப் பதினொண்ணு. ரெண்டு வருசத்துல அறநூத்திப் பதினோரு நாள். பாய், பாத்தியா. கடைசி நாலு நாள் மட்டும் வரலயா? போவட்டும், அது இல்லாமயே தாண்டிடுச்சி.

இரு இரு. அதோ, அந்தக் கட்டம். அதேதான், நான் சொன்னேன்ல. சம்மதமில்லன்னு அமுக்கு. கைய எடு அங்கருந்து... ஏன்? படிச்சிக் காட்டறியா? காட்டு. இத்தன நாள்ல நீ ஒருத்திதான் படிச்சிக் காட்டறேன்னு சொன்ன.

ம்.

ம்... விதிகள் மாறியிருக்குது. சரி. ஏத்துக்கலன்னா...

ஏத்துக்கலன்னா நகல் எடுக்காதா.

திருப்பி ஒருக்கா படி.

பொற்கொடி, நீ கீழயே பாத்துட்டிரு. பாய், நீ சாட்சி, சாட்சி சிரிக்கக் கூடாது.

அந்தக் கணக்க எடும்மா. யாரு என்னிக்குன்னு இருக்கறது. மார்ச்சு நாலு, சாயங்காலம் ஆறு பன்னண்டு. மறுத்தது... ம். மார்ச்சு அஞ்சு. ம். எத்தன தடவ? இருநூத்திப் பதினொண்ணு. ஒரு நாகூடத் தவறலயா. இல்ல, தவற மாட்டேன்.

என்னது? தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுடலாமா? நல்ல மனசும்மா உனக்கு. உங்க அத்தா அம்மா நல்லா வளத்திருக்காங்க. ஆனா வக்கீலு கேப்பான், என்ன கோளாறு, யாரு செஞ்சான்னு. நீ முழிப்ப. அந்த முழியப் பாத்துட்டு, பட்டியலே பொய்யிம்பான். சரோஜம்மா மறுபடி நேத்து வந்தவங்க ஆயிடுவாங்க. எனக்காகவா? வேணாம்.

நீ இப்ப சம்மதம்னு அமுக்கு. ஆமா, நான் சொல்றேன், அமுக்கு. ரெண்டு நகலா எடு, ஒண்ணு பொற்கொடிகிட்ட குடு.

பொற்கொடி, நோட்ட எடு. எங்கூடப் பேச வேணாம், எழுதுனா போதும். பாய், எழுந்திரு. நானும் நின்னுதான் படிப்பேன். சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்பட்டதுன்னு போட்டுக்க. மார்ச்சு நாலு முதல் இருநூத்திப் பதினோரு முறை நகல் எடுப்பதை மறுத்து நிறுத்தியவர்... முழுப் பேரா எழுது, ஊரோட எழுது, வேற எவன் தலையிலயும் விழக் கூடாது...

பாரூர் வெள்ளைச்சாமி மகன் கருப்பசாமி. சங்கத் தலைவர்.