சொல்லாமல் செய்கிற ஆள்

அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கு வேலைக்கு ஆள் வேண்டுமென்றாலும் என்னைத்தான் வந்து கேட்பார்கள். சமையலுக்கோ, பாத்திரம் தேய்க்கவோ, பிள்ளை பெற்றவளுக்குத் துணையாகவோ, யாராக இருந்தாலும் விசாலாக்ஷி மாமி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நான் சரியென்று சொன்ன ஆள் யாரும் இதுவரை கெட்ட பெயர் வாங்கியதில்லை, செண்பகத்தைத் தவிர. என் மாமனார் தண்ணீர்ச் சம்பில் விழுந்து செத்ததற்கு அவளுடைய கவனக்குறைவுதான் காரணமென்று நீங்கள் அவளை இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அழுது அழுது அவள் முகமே வீங்கிப் போயிருக்கிறது, சார்.

ஆள் பார்க்கிற முறை என்னுடையது இல்லை, மாமனாருடையது. "சொன்னதைச் செய்யறதுக்கு யார் வேணா வருவா. ஏதாவது ஒண்ணைக் கோணலா வெச்சுட்டு, வாயை மூடிண்டு பாக்கணும்" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். பஜ்ஜி சாப்பிட்டார், பாடச் சொன்னார், ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கண் பார்வையைச் சோதித்தார். அதெல்லாம் ஒப்புக்கு. நிலைப்படிக்குக் குறுக்கே வேண்டுமென்றே செருப்பைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் குனிந்து அதை நிமிர்த்தி ஓரமாக வைத்தேன். "பொண்ணு தேறிட்டா" என்று என் அப்பாவிடம் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்தோடு பரீட்சை முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? ஒரு கரண்டியை ஒளித்து வைத்துவிட்டு, நான் எப்போது தேடுகிறேன் என்று பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தபோது, "இந்த ஆத்துலயே நீ இன்னும் பாஸ் பண்ணலையே, விசாலம்" என்று சிரித்தார். என் கணவர் ஸ்ரீநாத்தும் கூடச் சிரித்தார். நான் வேலைக்குப் போகவில்லை. சர்க்கரை வியாதியில் கண் போன பிறகும், ஜன்னல் கட்டையை விரலால் தடவித் தூசி பார்ப்பார். வெறுத்தேன் என்று சொன்னால் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், வெறுத்தேன்.

ஸ்ரீநாத்துக்கு பம்பாய்க்கு மாற்றலாயிற்று. "அப்பாவைப் பாத்துக்க நல்ல ஆளா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல கோடை. கிணறு வற்றி, லாரித் தண்ணீரை வாங்கிக் கொல்லையில் தரைக்குள் கட்டியிருக்கும் சம்பில் விட்டுக்கொண்டிருந்தோம். இறங்கி நின்றால் ஆள் முழுகும் ஆழம். மாமனார் தினமும் சாயங்காலம் கொல்லைச் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். அந்தச் சுவரை ஒட்டித்தான் சம்பின் இரும்பு மூடி. புது ஆள் வருகிற அன்றைக்கெல்லாம், மாமனாரை அறையில் படுக்க வைத்துவிட்டு, மூடியைத் தள்ளி வைத்துக் காத்திருந்தேன்.

முதலில் வந்தவள் மந்தைவெளி தேவானை. கொல்லைக்குள் கால் வைத்ததுமே கத்தினாள்.

"இன்னாம்மா இது, கண்ணு தெரியாத பெரியவரு நடக்கற எடம், இப்படித் தொறந்து கீது? உனுக்கு அறிவு கீதா?"

அவளே இழுத்து மூடினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வாய் நீளம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்து தங்கபுஷ்பம், திருநெல்வேலிப் பக்கம். சத்தமே போடவில்லை. மூடியை நகர்த்தி மூடிவிட்டு, அதன்மேல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். "ஒரு பூட்டு வாங்கிப் போடுங்கம்மா" என்றாள். ஊர்விட்டு ஊர் வந்தவள், நிலைக்க மாட்டாள் என்று அவளையும் அனுப்பினேன்.

பிறகு செண்பகம் வந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திறந்த சம்பைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். "வூட்ல கலர் டிவியா மாமி?" என்று கேட்டாள். நல்ல பெண், சார், சிரித்த முகம். அன்றைக்கே வைத்துக்கொண்டேன். அவள் கேட்டதற்கு மேலேயே சம்பளம் கொடுத்தேன்.

நேற்று தேவானை இங்கே வந்து நடந்ததைச் சொல்லி, செண்பகமும் தான் மூடாமல் சுற்றி வந்ததை ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் கேட்டீர்கள்: மூடியவளை அனுப்பிவிட்டு மூடாதவளை ஏன் வைத்தீர்கள் என்று. நியாயமான கேள்வி. என் மாமனார் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கேட்கவில்லை. ஆள் பார்ப்பதில் நான் அவருடைய சிஷ்யை என்ற பெருமை அவருக்கு.

செவ்வாய்க்கிழமை லாரி வந்துவிட்டுப் போன பிறகு மூடியைத் திறந்து வைத்தது நான்தான். மாமனார் நடக்கப் போகிற நேரம் என்று தெரிந்தும் செண்பகம் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. இந்தக் காலத்தில் ஆளை நம்பி எதையும் விட முடியவில்லையே என்று தெரு முழுக்கப் பேசும், நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கலாம் என்று இருந்தேன். அவளைப் போலீஸ் பிடித்துப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லக் கூடாது, தோன்றியது.

அவளை விட்டுவிடுங்கள். அவளுக்கும் தெரியாத, தேவானைக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மாமனார் அப்படியொன்றும் அசட்டையான மனிதர் இல்லை. தினமும் கொல்லைப் படியில் நின்று, காலைக் கீழே வைக்கும் முன்னால் ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்கும் கொடுத்தார்.

"விசாலம், சம்பு மூடியிருக்கோன்னோ?"

நான் அடுக்களையில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொல்லை நன்றாகத் தெரியும். திறந்த சம்புக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"மூடியிருக்குப்பா" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைச் சோதித்துப் பார்க்காமல் நம்பிய ஒரே விஷயம் அதுதான், சார்.