மாயவனார் காத்த வாய்க்கால்

தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! சூளை வேலையை விட்டுவிட்டு வந்து வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் இந்த அமீனுதீனின் வணக்கம்.

பேசச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். எனக்கோ ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. மேற்கே பாருங்கள், வானம் கறுத்துக் கிடக்கிறது. நல்லூரில் மழை பிடித்துக்கொண்டதாம், பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

பீங்கான் பட்டறை முதலாளி, இந்த வார்டின் உறுப்பினர், பஞ்சாயத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர், என் அருமை மாயவனார்! போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. உட்கார்ந்து அழ எனக்கும் ஆசைதான். மழை விடுமா?

இந்தத் தெரு முன்பு என்ன கதியில் இருந்தது? கூரைத் தண்ணீர், வாசல் தண்ணீர், பட்டறையில் களிமண் கழுவிய தண்ணீர், எல்லாம் ஒரே சாக்கடையில்! அடித்துப் பெய்தால் சாக்கடை பொங்கும். பொங்கியது எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்குள் போகும்! சோற்றுப்பானை மிதந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

மழைத் தண்ணீருக்குத் தனி வழி வேண்டும் என்றார் மாயவனார். சூளையில் கோணிப்போய் விலை போகாத குழாய்களைப் பட்டறை பட்டறையாகக் கேட்டு வாங்கினார். அவற்றைப் புதைத்து, கூரைத் தண்ணீரைப் புது வாய்க்காலில் இறக்கி, மணிமுத்தாற்றில் கொண்டுபோய் விட்டார். வெட்டினால் போதுமா? காக்க வேண்டாமா? அங்கேதான் ஊர்ப் பகையைச் சம்பாதித்தார்!

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமா, காதுகுத்தா, கட்சிக் கூட்டமா, வாய்க்காலில் மண்ணைக் கொட்டு, பந்தலைப் போடு! விசேஷம் முடிந்தால் பந்தல் போகும்; மண் போகாது. ஓர் அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இவர் மண்வெட்டியோடு போய் நின்றார். "நல்ல காரியம் நடக்கற எடத்துல என்னாய்யா வம்பு?" என்று அவர் எகிறினார். "கல்யாணம் நல்லா நடக்கட்டுங்க. பந்தக்காலை மட்டும் ரெண்டு முழம் தள்ளி நடுங்க, குழி நானே தோண்டித் தரேன்" என்றார் மாயவனார். தோண்டியும் கொடுத்தார். சாப்பிடத்தான் யாரும் கூப்பிடவில்லை!

இதோ முன்னால் அமர்ந்திருக்கிறாரே பாஞ்சாலை அம்மாள், தெருவின் கடைசி வீடு அவருடையது. அந்தப் பழைய சாக்கடை வீட்டுக்குள் ஏறிய வருடம், பேதியில் ஆண்பிள்ளையைப் பறிகொடுத்தவர். இப்போது அவர் மகள் பிரசவத்துக்கு வந்து, பச்சைக் குழந்தையோடு அதே வீட்டில் படுத்திருக்கிறாள். இறப்பதற்கு முதல் நாள் மாயவனார் அங்கே போனார். நானும் கூட நின்றேன்.

"மழை வரதுக்குள்ள வேற வூட்டுக்குப் போயிடட்டுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எங்கயும் போவாதம்மா. சாக்கடை ஒரு சொட்டு உன் வாசப்படி ஏறாது. நான் பாத்துக்கறேன்."

அந்த வாக்கை நம்பித்தான் குழந்தை அங்கே தூங்குகிறது. பார்த்துக்கொள்கிறேன் என்றவர் போய்விட்டார். நாம் என்ன செய்திருக்கிறோம்?

மங்கலம்பேட்டையிலிருந்து தாமதமாகத்தான் வந்தேன். மேடை ஏறும்போது படிக்கு அடியில் பார்த்தேன். அதிலிருந்துதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐயா, மேடை ஆடாமல் நிற்க வேண்டும் என்று வாய்க்காலைத் தூர்த்திருக்கிறார்கள்! வண்டி வண்டியாக மண்! அவர் பட்டறை வாசலிலேயே மேடை போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவர் வாய்க்காலை அடைத்து, அதன்மேல் நின்று அவர் புகழைப் பாடுகிறோம்! வெட்கமாக இல்லையா நமக்கு?

யாரையும் திட்டவில்லை. பாசத்தில் செய்தார்கள். தண்ணீருக்கு அது தெரியுமா? வாய்க்காலை அடைத்தால் பழையபடி சாக்கடைக்குள்தான் பாயும்! இதோ, மைக்கின் மேல் தூறல் விழுகிறது.

இன்னும் பேச இருப்பவர்கள் மன்னியுங்கள். மௌன அஞ்சலியைப் பிறகு செலுத்திக்கொள்வோம். தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் இறங்குங்கள்! நாற்காலிகளை எடுங்கள்! பட்டறைத் தோழர்களே, களிமண் வெட்டும் மண்வெட்டிகளைக் கொண்டுவாருங்கள்! நான் உயிரோடு இருக்கும்வரை இனி ஒரு பந்தல்கால் இந்த வாய்க்காலில் இறங்காது. என் வீட்டுக் கல்யாணப் பந்தலும் இறங்காது. இது உங்கள் அத்தனை பேர் முன்னிலையில் நான் கொடுக்கும் உறுதி.

மாயவனாரின் படத்தை மாலையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பாஞ்சாலை அம்மாள் வீட்டில் வையுங்கள். சுவரில் மாட்ட வேண்டாம். குழந்தையின் பாய்க்குப் பக்கத்தில், தரையில் வையுங்கள். சாக்கடை உள்ளே வந்தால் அவர் முகத்தின் மேல்தான் முதலில் ஏறும். ஏற விடுவோமா?