மாட்டிப் பார்த்த மீட்டர்

மகள்: ...இனிமே பேச்சே வேண்டாம்ப்பா. சட்டையை மாத்துங்க. வண்டி வாசல்ல நிக்குது.

அப்பா: நிக்கட்டும். எத்தனை வண்டியை நிறுத்தி வச்சிருக்கேன் நான்.

மகள்: விளையாடாதீங்க. உங்க கையில இருக்கிற வாட்ச் தினம் ராத்திரி என் போனுக்குச் சொல்லுது, இதயத் துடிப்பு சரியில்லன்னு. பகல்ல ஒழுங்கா இருக்கு. ராத்திரியானா தாறுமாறு. டாக்டர்கிட்ட காட்டினேன். இன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னுட்டார்.

அப்பா: என் நெஞ்சு துடிக்கிறது உன் போனுக்கு எதுக்கு? இன்னும் யார் யாருக்குப் போகுது? வித்தானே, அந்தக் கம்பெனிக்காரன்... அவனுக்குமா?

அம்மா: ஆரம்பிச்சிட்டார். நீ வாங்கிக் கொடுத்த அன்னைக்கே, பெத்த மகளே என் கையில கயிறு கட்டி மேய்க்கப் பாக்குறான்னு ஒரே கத்தல்.

அப்பா: இப்பவும் அதைத்தான் சொல்றேன்.

மகள்: சரி, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்களே? அம்மா கடைக்குப் போயிருந்தா. எனக்கு யார் சொன்னது? இந்த வாட்ச்தானே? அதனாலதானே பக்கத்து வீட்டுக்காரரை ஓடச் சொன்னேன்?

அப்பா: ...அது ஒண்ணு உருப்படியா செஞ்சுது.

அம்மா: அடேயப்பா! இதை எங்கயாவது எழுதி வைடி.

அப்பா: நீ சும்மா இரு. காலம் பூரா லாரி ஓட்டினவன் நான். டீசல் மீட்டர் முள்ளு பாதி டேங்க்னு காட்டினாலும், குச்சி விட்டுப் பார்த்துட்டுத்தான் கிளப்புவேன். மீட்டர் மேல சந்தேகம் வந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா? கழட்டி இன்னொரு வண்டியில மாட்டிப் பார்ப்போம்.

மகள்: நெஞ்சுக்குள்ள எங்கப்பா குச்சி விடுறது?

அம்மா: கேளு, நல்லா கேளு... அய்யோ... சிரிச்சா...

மகள்: ஏம்மா, என்ன? ஏன் உட்கார்ந்துட்ட?

அம்மா: ஒண்ணுமில்லடி. மாடியிலேர்ந்து துணி எடுத்துட்டு வந்தேன்ல... வாயு.

அப்பா: வாயு!

அம்மா: ஆமா, வாயுதான். நீங்க கிளம்புற வழியைப் பாருங்க.

அப்பா: கிளம்புறேன். நீயும் செருப்பைப் போடு.

அம்மா: நான் எதுக்கு? துணி மடிக்கணும்...

அப்பா: துணிக்குக் கால் முளைச்சு ஓடிப் போயிடாது. போடு.

அம்மா: அந்த ஆஸ்பத்திரி வாடையே எனக்கு ஆகாது. என் தங்கச்சி நடந்துதான் உள்ள போனா. திரும்பி நடந்தா வந்தா?

மகள்: அம்மாவை ஏன்ப்பா வம்புக்கு இழுக்குறீங்க? அவ இருக்கட்டும். நாம போவோம்.

அப்பா: அவ வந்தாத்தான் நான் வருவேன். இல்ல, இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். தூக்குறதுன்னா நாற்காலியோட தூக்கு.

மகள்: பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும்! உங்க நெஞ்சுதானேப்பா கெட்டுப் போயி...

அப்பா: என் நெஞ்சு இல்லடி!

மகள்: ...என்ன?

அப்பா: பகல்ல வர்றது என்னுது. ராத்திரி வர்றது என்னுது இல்ல.

மகள்: புரியலப்பா.

அப்பா: உங்கம்மா படுக்கையில எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுறா. கேட்டா வாயுங்குறா. எனக்கு நம்பிக்கை இல்ல. அவ கண்ணசந்ததும் என் கையிலேர்ந்து கழட்டி அவ கையில மாட்டிடுவேன். விடியறதுக்கு முன்னாடி எடுத்துடுவேன்.

மகள்: கடவுளே... ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

அப்பா: சொன்னா? நீ கேப்ப, அவ இல்லம்பா, நீயும் சரின்னுடுவ. ஒரு தடவை காட்டினா மிஷின் கோளாறும்பா. அதான் மறுபடி மறுபடி காட்டட்டும்னு விட்டேன். போதும், காட்டிடுச்சு. இப்ப வர்றாளா இல்லையான்னு கேளு.

மகள்: அம்மா... உனக்கே தெரியாம இப்படிப் பண்ணியிருக்கார்மா.

அம்மா: தெரியாமலா? ஸ்டியரிங் பிடிச்ச கை, இருட்டுல வாரைத் தடவித் தடவி மாட்டும்போது எவளுக்குடி தூக்கம் வரும்? நான்தான் கையை வாகா நீட்டிக் கொடுத்தேன். என் வாயால சொல்லத்தான் பயம்... அதுவாவது சொல்லட்டும்னு. சரி, அந்தச் செருப்பை இப்படித் தள்ளு.