ஆலமரத்தில் அறைந்த கையுறை

இரவு மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மேருவிலிருந்து கிள்ளானுக்கு வரும் சாலை. ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் கண்டெய்னர் யார்டுகளின் வேலி. மழை வேறு. எங்கள் பேக்டரி வேன் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் எங்கோ விபத்து. என்ன விபத்து என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாலையில் அதைக் கேட்க வேண்டியதே இல்லை.

கையுறை பேக்டரியில் ஷிப்ட் முடித்த பெண்கள் நாங்கள். டிரைவர் அமானுல்லா அங்கிள் எஞ்சினை அணைத்துவிட்டார். கண்ணாடிகள் மூச்சுக்காற்றில் மங்கிப் போயின. எங்கள் உடம்பு முழுக்க ரப்பர் பால் வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது.

"தாமரைக்கா, ஒரு பேய்க் கதை சொல்லுங்கக்கா. சும்மா உக்காந்தா தூக்கம் வருது" என்றாள் ஷபானா. ராமநாதபுரத்திலிருந்து பெர்மிட்டில் வந்தவள். வேலைக்குப் புதுசு.

"அப்புறம் ராத்திரி ஹாஸ்டல்ல கத்துனா நான் பொறுப்பு இல்ல லா."

"கத்துனா இவளுங்க இருக்காளுங்க."

பின் சீட்டுக்காரிகள் எல்லாரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் டிரைவர் பக்கத்து சீட்டில் இருந்தபடியே திரும்பிக்கொண்டேன். கதை இல்லை, நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என் தோழி குமுதாவின் அண்ணன் கமலநாதனுக்கு நடந்தது.

அதுவும் இதே மாதிரி நேரம். இதே சாலை... கமலநாதன் அண்ணன் போர்ட் கிள்ளானில் தன் லோரியில் கண்டெய்னர் பெட்டி ஏற்றிக்கொண்டு சுங்கை பூலோ குடோனுக்குப் போகிறார். சிவப்பு விளக்கு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. லோரியை நிறுத்தினார். ரேடியோவை அணைத்தார், மழை வருகிறதா என்று கேட்க.

டங்.

பின்னால், இடது மூலையில். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம்.

அப்புறம் காலடி. ஈரத் தாரில் பூட்ஸ் இழுத்து இழுத்து நடக்கிறது... டங். வலது மூலை. மறுபடி காலடி... முன்பக்கம் வருகிறது... டங். சுற்றி வந்து... டங். நான்கு மூலையும் முடிந்தது. கடைசியில் அவருடைய கதவில் உள்ளங்கையால் இரண்டு அடி.

கண்ணாடியில் பார்த்தார். யாருமில்லை. ஆனால் ஜன்னல் மூடிய வண்டிக்குள் கோடாலித் தைல வாசனை கப்பென்று அடித்தது. தலைவலிக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடிக்குமே, அதே வாசனை.

குடோனில் கிரேன் பெட்டியைத் தூக்கியது. பெட்டியோடு டிரேலரும் சேர்ந்து மேலே எழுந்தது. "ஓய்! லாக் போட்டிருக்கியா?" என்று கிரேன்காரன் கத்தினான். இறங்கிப் பார்த்தால் நான்கு லாக்கும் இறுக்கிப் பூட்டியிருக்கிறது.

கமலநாதன் அண்ணன் ஒரு லாக்கையும் தொடவில்லை.

"லாக்னா என்னக்கா?" என்றாள் ஷபானா.

சொன்னேன். பெட்டி உட்காருகிற தட்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு லாக் இருக்கும். கைப்பிடியை உள்ளே தள்ளித் திருப்பினால் பெட்டியின் அடியைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் அத்தனை டன் பெட்டியும் சும்மா உட்கார்ந்துதான் வருகிறது.

"அப்புறம் ஏன் பூட்டாம போறாங்க?"

அதுதானே! பூட்டத் திறக்க நேரம் ஆகும், ட்ரிப் குறையும் என்று முதலாளி சொல்வார். டிரைவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. லாக் போட்டால், வளைவில் பெட்டி சாயும்போது லோரியின் தலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமாம். போடாவிட்டால் பெட்டி மட்டும் விழும், டிரைவர் பிழைப்பான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போவும் லா" என்று தேநீர் குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். அந்தத் தலைப்பாகை யார் தலையில் போய் விழும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நாகையா மட்டும்தான் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாதவர். அதே கம்பெனியில் கெலிண்டானாக, டிரைவருக்கு உதவியாளாக இருந்தவர். ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு நான்கு லாக்கையும் பூட்டி, தட்டிப் பார்த்து, கதவில் இரண்டு அடி அடித்து, "நாலும் ஆச்சு, போலாம்" என்பார். கழுத்தில் எப்போதும் தைலம். டிரைவர் ஒருவரே போதும் என்று கம்பெனி கெலிண்டான்களை நிறுத்தியது. நாகையா ஒரு பேக்டரியில் ஜாகா வேலைக்குப் போனார், இரவுக் காவல். மோட்டார் சைக்கிளில் போய் வந்தார். ஒரு நாள் ரவுண்டபவுட் வளைவில் ஒரு பெட்டி சாய்ந்து அவர் மேல் விழுந்தது. எந்தக் கம்பெனிப் பெட்டி என்று நினைக்கிறீர்கள்? அவர் பூட்டிக்கொண்டிருந்த அதே கம்பெனிப் பெட்டிதான். டிரைவர் பிழைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம். கமலநாதன் அண்ணனுக்கு மட்டும் இல்லை, கம்பெனியில் எல்லாருக்கும். எங்கே சிவப்பு விளக்கில் நின்றாலும் டங்... டங்... குடோனில் தினமும் சண்டை. இரண்டு டிரைவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். ட்ரிப் குறைந்தது. முதலாளிக்குப் பேய் மேல் பயம் வந்ததோ இல்லையோ, ட்ரிப் குறைந்தது பொறுக்கவில்லை. பூசாரியைக் கூட்டி வந்தார்.

அடுத்த நாள் குமுதா வேனில் ஏறியதும் சாமி வந்தவள் போல ஆடினாள். "தாமரை, கேளு இந்தக் கூத்த! பேய் பூட்டுது. மனுசன் தொறந்து வைக்கிறான். இதுல யாரடி வெரட்டணும்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.

யார்டுக்குப் பின்னால் ஒரு ஆலமரம். அடியில் முனியாண்டி. சேவல் அறுத்தார்கள், சுருட்டு வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். நாகையா லோரியில் விட்டுப்போன பழைய கையுறை ஒன்று கிடைத்தது. பூசாரி அதைச் சிவப்புத் துணியில் வைத்து, மரத்தில் வைத்து, ஆணி அடித்தார். கையுறையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கமலநாதன் அண்ணன். ஆணி இறங்கும்போது தைல வாசனை அடித்ததாம். ஈரமாக, கண் எரிகிற அளவுக்கு.

நாகையாவின் மனைவி பவுனம்மாள் எப்படியோ கேள்விப்பட்டு ஓடி வந்தார். உள்ளே விடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "உசுரோட இருக்கறப்ப வேல இல்லன்னு வெரட்டுனீங்க. செத்தப்புறம் சம்பளம் வாங்காம வந்து செய்யறாரு. இப்பவுமா வெரட்டுறீங்க, பாவிங்களா!"

அவருக்கு ஒரு பொட்டலம் பொங்கல் கொடுத்து அனுப்பினார்கள்.

சத்தம் நின்றது. லோரிகள் பறந்தன. எல்லாருக்கும் சந்தோஷம். கமலநாதன் அண்ணன் கண்ணாடியில் புதிதாக ஒரு எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டார்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தினேன். மழை வேனின் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அமானுல்லா அங்கிள்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்.

குமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி வளையல் பைத்தியம் அவள். பேக்டரிக்குள் வளையல் கூடாது. வாசலில் கழற்றிப் பையில் போடுவாள், வேனில் ஏறியதும் முதல் வேலையாக மாட்டிக்கொள்வாள். முன் சீட்டு அவளுடையது. எதிரில் அண்ணன் லோரி வந்தால் கையை ஆட்டுவாள், அவர் லைட் அடிப்பார். அவளுக்கு வேறு உறவு கிடையாது, அவருக்கும் கிடையாது.

அப்போது வேறு வேன், வேறு டிரைவர். விடியற்காலையில் வேலைக்குப் போகிறோம். சிம்பாங் சந்திப்பு வளைவில் அண்ணனின் லோரி எதிரே திரும்புகிறது. "அண்ணன்!" என்று குமுதா கையைத் தூக்கினாள். லோரியில் லைட் மின்னியது. மின்னிய அதே நேரம் பெட்டி மெதுவாக, அவசரமே இல்லாமல், தட்டை விட்டு வழுக்கி எங்கள் முன்னால் இறங்கியது. வேன் அதில் போய் மோதியது.

குமுதா கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனாள். பெல்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. புது சீட் கவருக்கு அடியில் பத்திரமாக இருந்தது. என் கையில் இந்தத் தழும்பு அன்று வந்தது, உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது. கமலநாதன் அண்ணன் மேல் ஒரு கீறல் இல்லை. எலுமிச்சம்பழம்கூட அறுந்து விழவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது, பார்த்தீர்களா?

ஷபானா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம்?"

அப்புறம் என்ன? கேஸ் நடக்கிறது. லோரியும் ஓடுகிறது. கமலநாதன் அண்ணன் இப்போது மூலைக்கு மூலை தானே இறங்கிப் பூட்டுகிறார். மற்றவர்கள் பூட்டுவதில்லை.

அவர்கள் லோரியில்தான் மறுபடி சத்தம். பூட்ஸ் இல்லை, இழுத்து நடப்பதும் இல்லை. குடுகுடுவென்று ஓடுகிற காலடி... டங். அதோடு கூடவே, சல்... வளையல் குலுங்குகிற சத்தம். டங்... சல். நான்கு மூலையும். வண்டிக்குள் தைல வாசனையும் இல்லை. ரப்பர் பால் வாசனை.

வேனுக்குள் யாரோ தன் சட்டையை முகர்ந்து பார்த்தார்கள். எங்களுக்கு அந்த வாசனை தனியாகத் தெரியாது.

அன்றுதான் சாயங்கால இடைவேளையில் கமலநாதன் அண்ணன் எனக்குப் போன் செய்திருந்தார். அதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை பூசாரி மறுபடி வருகிறாராம். குமுதாவின் பையில் கிடைத்த வளையல்களைக் கொண்டு வரச் சொல்லி முதலாளி அவரிடமே கேட்டிருக்கிறார். "கொடுக்கலன்னா கேஸுக்கு வெச்ச வக்கீல நிறுத்திருவாரு தாமரை. நான் என்ன செய்யட்டும்?" என்று அழுதார். "அவ உங்க தங்கச்சிண்ணே" என்றேன். போனை வைத்துவிட்டார்.

முன்னால் வண்டிகள் அசைந்தன. அங்கிள் எஞ்சினைக் கிளப்பினார். விபத்து நடந்த இடத்தைத் தாண்டும்போது எல்லாரும் மறுபக்கமே பார்த்துக்கொண்டு வந்தோம்.

என் பிளாட் முதலில் வரும். வேன் நின்றது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எழ முடியவில்லை.

இடுப்பில் ஏதோ பிடித்தது. கையால் தடவினேன். பெல்ட். தோளிலிருந்து இடுப்பு வரை இறுக்கமாக, மடிப்பில்லாமல் போட்டிருக்கிறது.

"அங்கிள்... லைட்டு போடுங்க."

போட்டார். என் சீட்டின் புதுக் கவர் தையலோடு நீளமாகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலிலிருந்து பெல்ட் வந்திருந்தது.

"அக்கா..." ஷபானாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "எனக்கும்க்கா."

அவள் பக்கத்தில் இருந்தவளுக்கும். அவளுக்குப் பின்னால் இருந்தவளுக்கும். எல்லாருக்கும். அங்கிள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அவருக்கும் போட்டிருந்தது. "யா அல்லா" என்றார். பிறகு கிழிந்த சீட்டுகளைப் பார்த்து, "அத்தன கவரும் போச்சே. பாஸ் என்னைத்தானே கேப்பான்" என்றார். மனிதருக்கு அதுதான் கவலை!

வாசலில் நின்றபடியே கமலநாதன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, வளையலக் கொடுத்துராதீங்க. அவ எங்களையும் பாத்துக்கறா."

"முதலாளி ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க, தாமரை" என்றார்.

சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து வேனில் ஏறினோம். சீட் கவர்களையெல்லாம் அங்கிள் தைத்து வைத்திருந்தார். முரட்டு நூல், நெருக்கமான தையல். பெல்ட் உள்ளே போய்விட்டது. யார்டு வேலியைத் தாண்டும்போது ஆலமரம் லைட் வெளிச்சத்தில் தெரிந்தது. வெளுத்துப் போன கையுறை. அதற்குப் பக்கத்தில் புதிய சிவப்புத் துணி. துணிக்குள் ஏதோ பளபளத்தது.

சிவப்பு விளக்கில் நின்றோம். யார்டிலிருந்து வந்த ஒரு கண்டெய்னர் லோரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. அங்கிள் ரேடியோவை அணைத்தார். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தவளை கத்தியது. எஞ்சின் உறுமியது. வேறு ஒன்றும் இல்லை.

நான் பையிலிருந்து பிளேடை எடுத்து என் சீட்டின் தையலை அறுத்தேன். "ஏம்மா!" என்றார் அங்கிள். பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளேடைப் பின்னால் நீட்டினேன். ஷபானா வாங்கினாள். தையல் சீக்கிரம் அறுபடவில்லை.

என் ஜன்னலுக்கு நேரே லோரியின் பின் மூலை. லாக்கின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்தது. லோரி எங்களை முந்திக்கொண்டு வளைவில் திரும்பியது.